கசங்காத வெள்ளைச் சட்டை

என் கஞ்சிச் சட்டை அப்பாவுக்கு,

உங்கள் கார் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. "அவுக ஆசையா வாங்குன வண்டித்தா. கல்லறைத் திருநாளுக்கு அதுலதான் அவுகளப் பாக்கப் போகணும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். உங்களோடு வாழ்ந்தவளுக்குப் பிடிவாதத்தைச் சொல்லித்தர வேண்டுமா?

கண்டரமாணிக்கம் விலக்கில் அந்த டிப்பர் இடித்தது உங்கள் பக்கம்தான். முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவே கூரையைத் தாங்கி நிற்கிற தூண் உள்ளே மடிந்திருந்தது. பட்டறையில் அதைப் பில்லர் என்கிறார்கள். டிங்கர் முருகேசன் அண்ணன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இழுத்து நிமித்திப் பட்டி பூசுனா பாக்க நல்லாத்தான் இருக்கும்மா. இன்னொரு இடி தாங்காது. அறுத்துட்டுப் புதுசுதான் வைக்கணும்" என்றார்.

புதுத் தூணை எடுத்த எடுப்பில் பற்றவைக்கவில்லை. கவ்விகளால் பிடித்து நிறுத்தி, இரண்டு கதவுகளையும் மாட்டி, திறந்து திறந்து சாத்திப் பார்த்தார். இடைவெளி சீராக வந்த பிறகுதான் வெல்டிங்.

என்னால் தாங்க முடியாமல் போனது அதற்கு முந்தின நாள். பழைய தூணை அறுக்கும் முன் அதிலிருந்த சீட் பெல்ட்டைக் கழற்றினார். உருவிப் பார்த்தால், கம்பெனியில் சுற்றியபடியே புத்தம் புதிதாக இருந்தது. "இழுத்ததே இல்ல போலயே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நான் என்ன சொல்வேன் அப்பா? "பெல்ட்டுப் போட்டா சட்டை கசங்கிரும்த்தா" என்பீர்களே, அதைச் சொல்லவா? பெல்ட் போடாததற்கு வண்டி கத்தாமலிருக்க, வெறும் பெல்ட் கொக்கியை மட்டும் வாங்கிச் சொருகிவிட்டு, "இப்பக் கத்துதா பாரு" என்று சிரித்தீர்களே. கதவு பிய்த்துக்கொண்டு திறந்தபோது உங்களைப் பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவே இல்லை. கோபப்பட ஆரம்பித்தால் அழுகைதான் வருகிறது.

அடக்கத்துக்கு முன் அம்மா அலமாரியிலிருந்து தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுவிட்டாள். ஒரு கசங்கல் இல்லை அப்பா.

நேற்று அம்மாவை ஏற்றி ரயிலடி வரை ஓட்டிப் பார்த்தேன். உங்கள் கொக்கியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புதுத் தூணின் புதுப் பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். அம்மாவையும் அவள் பக்கத்துப் பெல்ட்டைப் போடச் சொன்னேன். "கஞ்சி போட்ட சேலைத்தா, கசங்…" என்று அம்மா ஆரம்பித்தாள். பாதியிலேயே நிறுத்திவிட்டாள். பிறகு தானே பெல்ட்டை இழுத்து, "இத எங்குட்டு மாட்டணும்?" என்று கேட்டாள்.

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியும் சாமந்தியுமாக வருகிறோம். தோளிலிருந்து இடுப்பு வரை குறுக்கே கசங்கிய சேலையோடுதான் அம்மாவை உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவேன். இது சத்தியம்.

இன்னமும் கோபமாக இருக்கும் உங்கள் மகள்,
ஸ்டெல்லா