இந்த வருஷ டயர் என்னுடையது

மார்ச் 8, சனி

பனி இன்னும் முழங்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. இன்று பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை இல்லை. காலைக் காப்பியைக் கூட முடிக்காமல் அண்ணன் தோட்டத்துக் கொட்டகைக்குப் போய் மஸ்டாங் காரின் மேல் கிடந்த துணியைத் தூக்கினேன். நான்கு டயரும் ஒரே கதை. நடுவில் புதுசு போல இருக்கிறது, ஓரத்தில் நூல் தெரிகிறது. நான் மூன்று வருஷமாகச் சொன்னது இதைத்தான்.

கார் எனக்கும் வெண்டெல் அண்ணனுக்கும் பொது. ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தை மைதானத்தில் ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து ஓட்டுவோம். ஒவ்வொரு காராக, கடிகாரத்தோடு போட்டி. கூம்பைத் தட்டினால் இரண்டு விநாடி தண்டம். வீட்டில் ஒரே ஒரு சட்டம்: போன வருஷம் யார் வேகமோ, அவர்தான் இந்த வருஷத்து டயரைத் தேர்ந்தெடுப்பார். கார் வாங்கியதிலிருந்து அண்ணன்தான் தேர்ந்தெடுத்தான்.

போன வருஷம் நான் ஜெயித்தேன். ஆகவே இந்த வருஷம் நான். இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. வரட்டுமே, என் நோட்டுதானே.

மார்ச் 15, சனி

யூனிஸின் டயர் கடை. அண்ணனும் வந்தான். "சும்மா வேடிக்கை பாக்கத்தான்" என்றான். அவனுக்கு வேடிக்கை பார்க்கத் தெரியாது.

எங்கள் பிரிவில் ரிம்மின் அகலத்தை மாற்றக் கூடாது, கம்பெனி கொடுத்த ஒன்பது அங்குலம்தான். டயரை மட்டும் எவ்வளவு அகலமாகவும் போடலாம். அதனால் எல்லோரும் ஒன்பது அங்குல ரிம்மில் 285 மில்லிமீட்டர் அகல டயரைத் திணிக்கிறார்கள். அகலமாக இருந்தால் பிடிக்கும் என்று நம்பிக்கை. என்னைக் கேட்டால், சின்னச் செருப்புக்குள் பெரிய காலைத் திணித்து ஓடுவது. கார் திரும்பும்போது டயரின் பக்கச்சுவர் மடங்கி, ஓரத்தில் நிற்கிறது. நடுப்பகுதி சும்மா வருகிறது.

"265" என்றேன்.

யூனிஸ் கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். "நெசமாவா? இங்க இந்த மாதிரி காருக்கு யாருமே கேட்டதில்லையே."

"இப்ப கேக்குறேன்ல."

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "ஏய், 265 உயரமும் கம்மிடி. சீக்கிரம் சுத்தி முடிச்சிரும். நேர்ப் பாதை வந்தா ரெண்டாவது கியர் பத்தாது. மூணாவது போட்டு மறுபடி எறங்கணும். செப்டம்பர்ல மாநில இறுதிக்கு, அந்த விமான தளத்துல, என்ன பண்ணுவ?"

"உயரம் கம்மின்னா கூம்புலேர்ந்து வெளிய வர்றப்ப இழுக்கும். வருஷத்துல ஒரு நாள் நேர்ப் பாதைக்காக மத்த நாளெல்லாம் மந்தமா ஓட்டணுமா?"

ரப்பர் வகையிலும் சண்டை. ஒன்று, முதல் வளைவிலேயே பிடிக்கும். ஆனால் சூடேறினால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். மற்றது, சூடேறிய பிறகுதான் விழிக்கும், விழித்தால் கடைசி வரை விடாது. நாங்கள் இருவர் மாற்றி மாற்றி ஓட்டுகிறோம், கார் ஆறுவதே இல்லை. இரண்டாவதுதான் சரி. அதைச் சொன்னேன்.

அப்போது டெக்ஸ்டர் உள்ளே வந்தான். அவனிடமும் இதே கார், அதே 285. "வெண்டெல், தங்கச்சி கைல குடுத்துட்டியா? பாவம், உனக்குப் போன வருஷம் தோள்வலி இல்லன்னா இந்த வம்பே வந்திருக்காது."

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. மூலையில் கிடந்த வால்வு மூடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கையெழுத்துப் போட்டேன். நான்கும் 265.

மார்ச் 16, ஞாயிறு

தோள்வலியாம்! கிளப்பில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்களா? அண்ணனும் அப்படித்தான் நினைக்கிறானா?

நினைக்கட்டும். டயர் பேசும்.

ஏப்ரல் 26, சனி

டயர் மாட்டியாயிற்று. பக்கச்சுவர் ரிம்மின் மேல் நேராக, விறைப்பாக நிற்கிறது. அழகு! ரூபென் சாப்பிடக் கூப்பிட்டார். "புருஷனை இப்படி ஒரு நாள் பாத்திருப்பியா?" என்றார். உங்கள் பக்கச்சுவர் இப்படி நிற்கவில்லையே என்றேன்.

மே 4, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

இரவு உறைபனி என்று அறிவிப்பு வந்துவிட்டது. செர்ரி மொட்டு வெளியே வந்திருக்கிற நேரம். மேலே நிற்கும் வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ளி மொட்டைக் காக்கும் தோட்டத்துக் காற்றாடிகளை ஓட்ட அண்ணன் விடியும் முன்பே போய்விட்டான். நான் மட்டும் காரைக் கொண்டுபோனேன். மைதானத்தில் மூச்சு விட்டால் புகை.

முதல் ஓட்டத்தில் பரவாயில்லை. இரண்டாவதில் கார் வெளியே வெளியே போயிற்று. மூன்றாவதில் சோப்பு மேல் ஓட்டுவது போல இருந்தது. நான்காவதைப் பற்றி எழுத மாட்டேன். டெக்ஸ்டர் என்னைவிட ஒரு விநாடிக்கு மேல் வேகம். ஒரு விநாடி! எங்கள் ஆட்டத்தில் அது ஒரு யுகம்.

ஓட்டி முடித்தவர்கள் அடுத்த அணி ஓட்டும்போது மைதானத்தில் நின்று, விழுந்த கூம்புகளை எடுத்து வைக்க வேண்டும். எனக்கு விழுந்த இடம் டெக்ஸ்டருக்குப் பக்கத்தில். குளிரில் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவன் வாக்கி டாக்கியில் எல்லோருக்கும் கேட்கும்படி, "265 எங்கயாவது தென்பட்டா சொல்லுங்கப்பா, இன்னும் வந்து சேரல!" என்கிறான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது எப்படி என்று இன்று கற்றுக்கொண்டேன்.

மே 5, திங்கள்

பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து சாமான்களை இறக்கினேன். அண்ணன் தோட்டத்து மருந்து தெளிப்பான், நாங்கள் டயரைக் குளிர்விக்கத் தண்ணீர் நிரப்பி எடுத்துப் போவது, கையில் லேசாக வந்தது. ஆட்டிப் பார்த்தேன். காலி.

யார் தெளித்தது?

நான்தான்! ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும், இத்தனை வருஷப் பழக்கத்தில், இறங்கி நாலு டயருக்கும் சுற்றிச் சுற்றித் தெளித்திருக்கிறேன். ரெண்டு பேர் ஓட்டுறப்ப டயர் கொதிக்கும், அதுக்குத்தானே தண்ணி? ஒத்தையா ஓட்டுறேன், உறைபனி காலை, சூடேறினாத்தான் பிடிக்கிற ரப்பர் — அதுக்கு நான் குளிர்ந்த தண்ணி தெளிச்சிருக்கேன். கை பாட்டுக்குச் செஞ்சிருக்கு, புத்தி எங்கயோ போயிருக்கு. அடியே மார்லிஸ்!

யாருக்கும் தெரியாது. டயர் மேல் பழி போட்டுவிட்டுப் போய்விடலாம்.

மே 10, சனி

அண்ணனிடம் செய்தி போய்விட்டது. கிளப்பில் எந்த வாய் சும்மா இருக்கும்? கொட்டகையில் மூலையைக் காட்டினான். டெக்ஸ்டர் கழற்றிப் போட்ட 285, சுமாராக இருக்கும் நான்கு.

"மாத்திடலாமா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சைஸ் ஒத்துவரலன்னு சொல்லிடலாம்."

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் இன்னும் எரிச்சல். இரண்டு வழிதான் இருந்தது. டயரை மாற்றினால் எனக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியாது என்று ஆகும். உண்மையைச் சொன்னால் நான் மடச்சி என்று ஆகும். மடச்சியே மேல் என்று முடிவு செய்தேன்.

"டயர் மேல தப்பு இல்ல அண்ணா. நான்தான் ஒவ்வொரு தடவையும் தண்ணி தெளிச்சேன்."

 அண்ணன் சிரிக்க ஆரம்பித்தான். நிற்க முடியாமல் காரின் முன்பக்கம் உட்கார்ந்துவிட்டான். "இங்க நான் குளிருதுன்னு மரத்துக்கெல்லாம் காத்தாடி போட்டுக்கிட்டு இருக்கேன், அங்க நீ டயரைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தியா?"

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சரி, இருக்கட்டும். அடுத்த ஞாயிறு பாப்போம்" என்றான். மூலையில் இருந்த டயர்களை மாட்டச் சொல்லவில்லை, எடுத்து எறியவும் சொல்லவில்லை.

மே 18, ஞாயிறு

அண்ணன் முதலில், நான் அடுத்து. தெளிப்பானை வீட்டிலேயே வைத்துவிட்டேன், எதற்கு வம்பு.

ஓட்டுவதற்கு முன் டயரின் ஓரத்தில் வெள்ளை ஷூ பாலிஷைப் பட்டையாகத் தீட்டினேன். டயர் எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவு பாலிஷ் தேய்ந்துபோகும். 285-ல் பக்கச்சுவர் எழுத்து வரைக்கும் தேய்ந்துபோகும், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்று அண்ணன் ஓட்டிவிட்டு வந்ததும் இருவரும் குனிந்தோம். விளிம்பில் ஒரு விரல் அகலம்தான் போயிருந்தது. மீதி அப்படியே வெள்ளையாக இருந்தது.

அண்ணன் மண்டியிட்டுச் சுற்றிவந்து நான்கையும் பார்த்தான். தலைக்கவசத்தைக் கூடக் கழற்றவில்லை.

"திருப்பினா உடனே திரும்புதுடி" என்றான். "யோசிக்கிறதுக்குள்ள திரும்பிடுது."

நான் உட்கார்ந்தேன், சூடான டயர் எனக்கு. அந்தக் கூம்பு வரிசையை எப்படிச் சொல்வது? இடம், வலம், இடம், வலம் — கார் என் இடுப்பில் கட்டியது போல வந்தது. டெக்ஸ்டரைவிட அரை விநாடி வேகம். அண்ணனைவிட விநாடியில் பத்தில் இரண்டு பங்கு.

வாக்கி டாக்கியில் 265 வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. சரி, சொன்னேன்.

ஜூன் 22, ஞாயிறு

மறுபடியும் நான்தான். பெருமையாக இருக்கிறது என்று எழுத வெட்கமில்லை. பெருமையாக இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

செர்ரி அறுவடை. மரத்தை உலுக்கும் யந்திரச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. அண்ணன் இல்லாமல் போக மனமில்லை. காரைத் துடைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று அண்ணன் வேகம், நூலிழையில். வருஷக் கணக்கில் நான் இரண்டு, அவன் ஒன்று; ஆனால் மாநில இறுதிக்கு இரட்டைக் கணக்கு. விமான தளத்தில்தான் தெரியும். டெக்ஸ்டர் எல்லோரிடமும் சொல்கிறானாம்: "நேர்ப் பாதை வரட்டும், அவ டயரோட சாயம் வெளுக்கும். வெண்டெல் தோளும் இப்ப சரியாயிடுச்சு."

செப்டம்பர் 14, ஞாயிறு

மாநில இறுதி. பழைய விமானப்படைத் தளம், கண்ணுக்கெட்டிய வரைக்கும் கான்கிரீட். காலையில் பாதையை நடந்து பார்த்தோம். அண்ணன் பயந்தது போலவே, கடைசியில் நீளமான நேர்ப் பாதை.  இரண்டாவது கியர் பத்தாது. நிச்சயமாகப் பத்தாது. என் டயர், என் பொறுப்பு.

அண்ணன் நேர்ப் பாதையின் நடுவில் நின்றான். கிண்டல் வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"இங்க என்ன பண்ணட்டும்?" என்று கேட்டான்.

இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.  "மாத்தாத" என்றேன். "ரெண்டாவதுலயே விடு. எஞ்சின் கத்தும், கத்தட்டும். மேல போட்டு எறக்குற நேரத்த விட இதுல போற நேரம் கம்மி. மிச்சமெல்லாம் வளைவு. அங்க நாம எடுத்துக்கலாம்."

அப்படியே ஓட்டினான். எஞ்சின் கத்திய கத்தலில் கொடி பிடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டெக்ஸ்டருக்கு 285-லும் இரண்டாவது பத்தவில்லை, மூன்றாவதைப் போட்டான், கடைசி வளைவுக்கு இறக்கும்போது பின்பக்கம் ஆடிற்று. மாலையில் எங்கள் பிரிவில் மிகக் குறைந்த நேரம் அண்ணனுடையது.

கடைசி ஓட்டம் எனக்கு. நான் அவனைவிட வேகமாக வந்தேன். கடிகாரத்தில் பார்த்தேன், என் எண்தான் சின்னது. பிறகு அறிவிப்பு: ஒரு கூம்பு. முடிவுக் கோட்டுக்கு முந்தின கூம்பு, உரசியது எனக்கே தெரிந்தது. இரண்டு விநாடி கூடி, எங்கோ கீழே போய்விட்டேன்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அண்ணன் மேடைக்குப் போய் வெற்றிப் பலகையை வாங்கினான். எத்தனையோ வருஷம் இரண்டாவதாகவே வந்த மனுஷன், அதை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். அவன் ஜெயித்தது என் டயரில். தொண்டை கிழியக் கத்தினேன். ரூபென் காதைப் பொத்திக்கொண்டார்.

செப்டம்பர் 15, திங்கள்

ஆக, சட்டப்படி அடுத்த வருஷம் டயர் அவனுடையது. ஜெயித்தவன் ஜெயித்தவன்தான். காலையில் பேருந்தை எடுக்கும்போது இது கொஞ்சம் வலித்தது.

நவம்பர் 8, சனி

ரூபெனின் வண்டிக்குக் குளிர்கால டயர் வாங்க யூனிஸ் கடைக்குப் போனேன். அடுக்குகளுக்குப் பின்னால் நின்று அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பக்கம் அண்ணன் குரல், டெக்ஸ்டர் குரல்.

அண்ணன் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான். "ஒம்போது அங்குல ரிம்முல 285-ங்கறது சின்னச் செருப்புல பெரிய கால். ஓரத்துலதான் நிக்கும். நடுவுல சும்மா வரும்." என் வார்த்தைகள், ஒன்று விடாமல்! எனக்குச் சுருக்கென்றது. பேர் சொல்ல வேண்டாமா? வெளியே போய்க் கேட்டுவிடலாம் என்று ஒரு அடி வைத்தேன்.

"இவ்ளோ வெவரம் உனக்கு எப்ப வந்துச்சு?" என்றான் டெக்ஸ்டர்.

"எனக்கெங்க வந்துச்சு? மார்லிஸ் சொன்னது. அடுத்த வருஷம் தேர்வு என்னுது. அவ என்ன சைஸ் சொல்றாளோ, அதுதான் என் தேர்வு."

"நீ ஜெயிச்சவன்யா. போன வருஷம் கூட உனக்குத் தோள்வலி மட்டும் இல்லன்னா—"

"எந்தத் தோள்வலி?" என்றான் அண்ணன். "அது போன வருஷம் வசந்த காலத்துலயே சரியாப் போச்சு. நீங்கதான் அதைப் புடிச்சுக்கிட்டுத் தொங்குனீங்க. எனக்கும் வசதியா இருந்துச்சு, சும்மா இருந்துட்டேன். அவ நல்லா ஓட்டினா, நான் தோத்தேன். அவ்ளோதான்."

அடுக்குகளுக்கு நடுவே யூனிஸ் என்னைப் பார்த்துவிட்டாள். நான் தலையை ஆட்டினேன், சொல்லாதே என்று. அவள் பின்கதவைக் கண்ணால் காட்டினாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, வாங்கப் போனதை வாங்கவே இல்லை. டயர் எங்கே என்று ரூபென் கேட்டார். திங்கட்கிழமை போகிறேன் என்றேன்.