முன்னாள் இயக்கப் பெண்களின் மார்புக் கட்டிகளை இரும்பு என்று விட்டுவிடாமல் பரிசோதிக்கக் கோருதல்

அனுப்புநர்:
நல்லரத்தினம் புஸ்பம்,
கடற்கரை வீதி, மாங்கேணி.

பெறுநர்:
பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்கள்,
மட்டக்களப்பு.

விடயம்: கிரானில் உள்ள ஒரு பிள்ளையையும் அவளைப் போன்றவர்களையும் பெண் டொக்டர் பார்வையிடுவது பற்றி

மதிப்புக்குரிய ஐயா,

1. எனது தங்கச்சி அஜந்தா, வயது 34, மார்புப் புற்றுநோயால் கடந்த மாசியில் இறந்துவிட்டாள். சுனாமியில் அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான். அவள் இயக்கத்தில் இருந்தவள். சண்டை முடிந்து, புனர்வாழ்வு முகாமால் விடுபட்டு வீட்டுக்கு வந்தவள். இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். அவளுடைய சாவுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

2. அவளுடைய உடம்பில் சண்டையில் வெடித்த செல் (எறிகணை) துண்டுகள் இருந்தன. அவளோடு இருந்த பிள்ளைகள் பலருக்கும் இருக்கின்றன. இரும்பு என்றுதான் சொல்வார்கள். மாரியில் குத்தும். சில துண்டுகள் மெல்ல நகர்ந்து தோலுக்குக் கிட்ட வரும், வந்தால் வெட்டி எடுக்கலாம். அவள் வீட்டுக்கு வந்த வருடம் தொடையால் ஒன்று அப்படி வந்தது. எடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு, "இஞ்ச பார் அக்கா, வாடகை குடுக்காம இருந்தவர் வெளிக்கிட்டுட்டார்" என்று சிரித்தாள்.

3. அதற்குப் பிறகு இடது மார்பில் கட்டி வந்தது. அந்தப் பக்கக் கமக்கட்டில் பழைய காயம் இருந்தபடியால் அதையும் இரும்பு என்றே நினைத்தாள். நானும் நினைத்தேன். "சும்மா இரி அக்கா, மேல வருகுது" என்பாள். வரட்டும் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு தரம் கூட்டிக்கொண்டு போன இடத்தில் (பெயர் எழுதவில்லை, யாரையும் மாட்டிவிடும் எண்ணம் இல்லை) டொக்டர் தழும்பைக் கண்டு என்ன காயம் என்று கேட்டார். செல் என்றதும் கைவைத்துப் பார்க்கவில்லை. நோவுக்குக் குளிசை தந்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அதோடு ஆஸ்பத்திரிப் பேச்சையே விட்டுவிட்டாள். வெளியே போய் வந்தால் சீருடைக்காரர் விசாரிக்க வருவார்கள் என்ற பயமும் இருந்தது.

4. தோல் வெடித்து நீர் வடியத் தொடங்கிய பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நல்ல மாதிரிப் பார்த்தார்கள். எக்ஸ்ரே படத்தில் இரும்பு ஒரு இடத்திலும் கட்டி வேறு இடத்திலும் இருப்பதைக் காட்டினார்கள். பிந்திவிட்டது என்றார்கள்.

5. ஐயா, நான் அவளுக்காக எழுதவில்லை. அவளுடைய முப்பத்தோராம் நாள் கிரியை அமுதுக்குச் சமைக்கக் கிரானிலிருந்து கம்சாயினி வந்தாள். தங்கச்சியோடு இயக்கத்தில் இருந்தவள், இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். சோற்றுப் பானையை ஒரு கையால்தான் பிடித்தாள். ஏன் என்று கேட்டேன். "எனக்கும் நெஞ்சில ஒண்டு மேல வருகுதக்கா. இரும்புதான்" என்றாள். தங்கச்சியின் கதையைச் சொல்லி அழுதேன். "அவளுக்கு வந்தா எனக்கும் வரோணுமா?" என்று கோபித்துக்கொண்டு சட்டி கழுவப் போய்விட்டாள். பிறகும் கிரானுக்குப் போய்க் கேட்டேன். வரமாட்டாளாம்.

6. இதைச் சொல்லப் பல இடம் ஏறி இறங்கினேன். நோய் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போ என்றார்கள். இயக்கப் பிள்ளை என்றதும் புனர்வாழ்வுக் கந்தோருக்குப் போ என்றார்கள். அந்தக் கந்தோரில் தையல் மெஷின் வேண்டுமா என்று கேட்டார்கள். களைத்துப்போனேன் ஐயா.

7. கிரானில் மருத்துவமாது சின்னப் பிள்ளைகளுக்கு நிறை பார்க்கும் நாளில் ஒரு பெண் டொக்டரை அனுப்பிவையுங்கள். பிள்ளைகளோடு கம்சாயினி அங்கே வருவாள். சீருடைக்காரர் யாரும் நிற்கக்கூடாது. யாரோடு இருந்தாய் என்று கேட்கக்கூடாது, எங்கே கட்டி என்று கேட்டால் போதும். இரும்பு என்று அவள் சொன்னாலும் நம்பாமல் கைவைத்துப் பார்க்க வேண்டும். அவளைப் போன்ற மற்றப் பிள்ளைகளையும் அப்படியே பார்க்க வேண்டும்.

8. இரும்பாலும் வெடிமருந்துப் புகையாலும் இந்த நோய் வருமா என்று பெரியாஸ்பத்திரியில் கேட்டேன். தெரியாது என்றார்கள். இந்தப் பிள்ளைகளை வைத்து யாராவது ஆராய்ந்தார்களா என்று கேட்டேன். அதுவும் தெரியாது என்றார்கள். தங்கச்சியின் எக்ஸ்ரே படங்கள் என்னிடம் இருக்கின்றன. ஆராய்ச்சிக்கு உதவும் என்றால் தருகிறேன், திருப்பித் தரத் தேவையில்லை.

கம்சாயினிக்கு இருப்பது வெறும் இரும்பாகவே இருந்தால், தங்களை வீணாக அலைக்கழித்தவள் என்று என்னைக் கூப்பிட்டு ஏசுங்கள். அந்த ஏச்சைக் கேட்கத்தான் ஆசையாக இருக்கிறேன்.

தங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
ந. புஸ்பம்

மாங்கேணி
10.06.2013