நீங்கள் காதால் பார்த்த படம்

மதினி,

இன்று காலை படப்பெட்டியைத் திறந்ததும் பிலிம் ஒட்டும் பசையின் வாடை மூக்கில் ஏறியது. அதே படம். ஊர் ஊராய்ச் சுற்றி, கீறல் விழுந்து, தூத்துக்குடிக்கே திரும்பி வந்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். மற்றபடி, இறந்தவருக்குக் கடிதம் எழுதுகிற ஆள் நானில்லை; உங்களுக்கே தெரியும்.

அண்ணன் போன பிறகு நீங்கள் வாசல் தாண்டக்கூடாது என்றார்கள். துட்டி விசாரிக்க வந்த சொந்தக்காரப் பெண்கள் அதன்பின் எட்டிப் பார்க்கவில்லை. நல்ல காரியத்துக்குப் போகும்போது உங்கள் முகத்தில் விழிக்கக்கூடாதாம். எனக்கு எரிச்சல். நான் மெஷின் படித்தவன். ஓடாததைத் திறந்து பார்த்துச் சரிசெய்வேன். இதை எங்கே திறப்பது?

அப்போதுதான் நம் புறவாசலுக்கு நேர் பின்னால், உப்பளம் போகும் பாதையில் டூரிங் டாக்கீஸ் போட்டார்கள். அதில் படம் ஓட்டும் ஆபரேட்டர் நான். கீற்றுத் தட்டி சத்தத்தை எங்கே நிறுத்தும்? தினமும் முதல் ஆட்டம் முழுவதும் புறவாசலில் கேட்டது. இந்தப் படம் முழுவதையும் நீங்கள் காதாலேயே பார்த்துவிட்டீர்கள்.

டிக்கெட்டுக்கு வழியில்லாத உப்பளத்துப் பெண்கள் வேலியோரம் நின்று கேட்டார்கள். "ஏளா, அங்கன ஏன் நிக்கிய? உள்ள வாங்க" என்றீர்கள். வந்தார்கள். மறுநாள் இன்னும் சிலரைக் கூட்டி வந்தார்கள்.

அழுகைச் சத்தம் வந்தால் யார், எதற்கு அழுகிறாள் என்று நீங்கள் சொல்லுவீர்கள். கரகரத்த குரல்காரன் ஒருவன் வருவான். அவன்தான் கதாநாயகியைக் காப்பாற்றப் போகிறவன் என்று தீர்மானித்துவிட்டீர்கள். கொட்டகைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஒருத்தி, "அக்கா, அவன்லா வில்லன்! கத்தியோட வாரான்" என்றாள்.

"சும்மா கிட ஏளா. தேங்கா வெட்டக் கொண்டாந்திருப்பான்."

அதற்குப் பெண்கள் சிரித்த சிரிப்பு கொட்டகைக்குள் கேட்டது. அதுதான் வினை. முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஏலே, ஒங்க வீட்டுல ஓசிக் கொட்டகை நடக்காமே?"

"அங்க கேட்டவங்கதான் அண்ணாச்சி, துட்டு சேத்து இங்க பாக்க வாராங்க."

அவர் காதில் ஏறவில்லை. மறுநாள் நம் வீட்டுப் பக்கத் தட்டி முழுக்க ஈரச்சாக்கு தொங்கியது. உங்களிடம் வந்து நேராகச் சொன்னேன்: "இனிமே சத்தம் கேக்காது, மதினி."

நீங்கள் படத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப அவளுவ வரமாட்டாளுவளோ?" என்றுதான் கேட்டீர்கள்.

அன்று இடைவேளையில் புறவாசலுக்கு ஓடிவந்தேன். சாக்கு தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. ஒரு வசனமும் வந்திருக்காது. ஆனால் பெண்கள் வழக்கத்தைவிட நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். யாரோ தன் பிள்ளையை உங்கள் மடியில் போட்டிருந்தாள். நீங்கள் கரகரத்த குரலில் வசனம் பேசிக்கொண்டிருந்தீர்கள். என்னைக் கண்டதும், "கொழுந்தனாரே, போயி மெஷினப் பாருங்க. இங்கன படம் நல்லாவே ஓடுது" என்றீர்கள்.

கடைசியில் நீங்கள் காய்ச்சலில் கிடந்தபோது முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்தது அவர்கள்தான். அந்தப் படத்துக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் அது. முதலாளிக்குக்கூடக் கொஞ்சம் உண்டு. அவர் சாக்கு கட்டியிராவிட்டால், அவர்கள் யாருக்காக வந்தார்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்காது.

இன்று முதல் ஆட்டத்தில் அந்தக் குரல்காரன் கத்தியோடு வந்தான். பயப்பட வேண்டிய இடம். மணல் தரையில் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்: "ஏளா, தேங்கா வெட்ட வாராரு!" அந்தப் பக்கம் முழுக்கச் சிரித்தது. நானும் ரீலைப் பார்த்தபடியே சிரித்தேன். எத்தனை தடவை ஓட்டினாலும் எனக்கும் அவன் நல்லவன்தான், மதினி.