பதினேழு முறை செத்தது

ஜூன் 12, 2006 – திங்கள்

ஏழரை பஸ்ஸில் திருத்தங்கல் வரை நின்றுகொண்டே வந்தேன். அச்சக ஆபீஸுக்குள் காலை வைத்ததும் மேனேஜர் லட்சுமிகாந்தம் சார், படம் வாங்கும் பெட்டி மறுபடி படுத்துவிட்டது என்றார். வெளியூர்க் கம்பெனிகள் பட்டாசுப் பெட்டிக்கான லேபிள் படங்களை அனுப்பினால் அதை வாங்கி வைக்கும் புரோகிராம் அது. அது செத்தால் அச்சு மெஷின் காத்திருக்கும். எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

போன மாதம் ஜாவா என்கிற இன்னொரு புரோகிராம் இப்படித்தான் செத்துக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் நான் போட்ட காவல்தான். எழுதுவதற்கென்று ஒதுக்கிய நினைவகத்திலிருந்து எந்தப் புரோகிராமும் கட்டளை ஓட்டக் கூடாது, ஓட்டினால் கம்ப்யூட்டரை நடத்தும் லினக்ஸ் அதை அங்கேயே கொன்றுவிடும். திருடன் உள்ளே வருவது அந்த வழியாகத்தான். ஆனால் ஜாவாவின் பிறவிக் குணமே அது. அதனால் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் paxctl -m என்று அடித்துக் காவலைத் தளர்த்தினேன். அன்றிலிருந்து ஒழுங்காக ஓடுகிறது.

இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே தேடிப் படித்தேன். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு.

ஜூன் 20

மூன்று முறை செத்தது. லேபிள் வரையும் கதிரவன் அண்ணன் எட்டிப் பார்த்து, "என்னம்மா, இன்னிக்கும் எளவு வீடா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பெரிய ஆர்டர் ஒன்றுக்கு மயில் வரைந்துகொண்டிருக்கிறார். தோகை முழுக்க பூச்சட்டிப் பொறி. தீபாவளிக்கு முன் வெளியே ஒரு கண் படக் கூடாது என்று கண்டிப்பு. ஊரில் லேபிளைக் காப்பி அடிக்கக் காத்திருப்பவர்கள் அம்புட்டுப் பேர்.

ஜூன் 28

இன்றைக்கு மட்டும் நாலு முறை. முதலாளி சண்முகவேல் அண்ணாச்சி நேரே என் மேஜைக்கு வந்துவிட்டார். என் காவல்தான் கொல்கிறது, கொஞ்சம் பொறுங்கள், ஏன் என்று பார்க்கிறேன் என்றேன். சீசன் முடியட்டும், அப்புறம் உன் காவலை வைத்துக்கொள் என்றார்.

சீசன் என்றால் இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு விலக்கு. கதிரவன் அண்ணன் மனைவி எழில் விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலைக்குப் போகிறாள். நாலு பேர் இருக்க வேண்டிய ரூமில் ஆடி ஆவணியில் ஏழு பேராம். அதிகாரி வந்தால் மூணு பேர் வேப்பமரத்தடிக்குப் போய் நிற்பார்களாம். சொல்லிச் சிரிப்பாள்.

கம்ப்யூட்டர் தானே எழுதிவைக்கும் பதிவேட்டில் ‘ஓட்ட முயற்சி, கொல்லப்பட்டது’ என்றுதான் இருந்தது. ஜாவாவுக்கும் அதே வரிதான். இதுவும் அதே குணம் என்று வைத்துக்கொண்டேன். paxctl -pemrs என்று சின்ன எழுத்தில் அடித்தேன். அந்தப் புரோகிராமுக்கு இருந்த ஐந்து காவலும் போயிற்று. சீசன் முடிந்ததும் திரும்பப் போட வேண்டும். மறக்கக் கூடாது என்றுதான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 29

சாகவில்லை.

ஜூலை 10

இன்னும் சாகவில்லை. அண்ணாச்சி எல்லாருக்கும் வடை வாங்கித் தந்தார், என் பெயரைச் சொல்லி.

ஆகஸ்ட் 17 – வியாழன்

மயில் வெளியே வந்துவிட்டது. வேறு ஒரு கம்பெனிப் பெட்டியில். அதே தோகை, அதே பொறி. ஆர்டர் கொடுத்தவர் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து அண்ணாச்சி மேஜையில் வைத்தார். சத்தம்கூடப் போடவில்லை. ஆர்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கதிரவன் அண்ணனின் மச்சான் அந்தக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறான். வேறென்ன வேண்டும்? போன மாதம் வீட்டுக்கு சிடி கொண்டுபோனாயா இல்லையா என்று கேட்டார்கள். அவர் பிள்ளையின் பிறந்தநாள் போட்டோ இருந்த சிடி. அதைச் சொன்னார். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. சாப்பாட்டுத் தூக்கையும், லேபிளுக்குக் கலர் பார்க்கும் தன் கலர் அட்டையையும் எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போனார். "வாரேம்மா" என்றார்.

ஆகஸ்ட் 19

இரண்டு மாதத்துப் பதிவேட்டையும் உட்கார்ந்து படித்தேன். அன்றைக்கே படித்திருக்க வேண்டியது.

அந்தப் புரோகிராம் பதினேழு முறை செத்திருக்கிறது. பதினேழு முறையும், சாவதற்குச் சில நொடி முன்னால், ஒரே முகவரியிலிருந்து யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள். நம் வாடிக்கையாளர் யாருடைய முகவரியும் இல்லை அது. ஜூன் 29, மதியம் இரண்டு பத்துக்குப் பதினெட்டாவது முறை வந்திருக்கிறான். புரோகிராம் சாகவில்லை. நாற்பது நிமிஷம் இருந்திருக்கிறான். மயில் இருந்த கோப்புறை முழுதும் போயிருக்கிறது.

அது பழுதாகிச் சாகவில்லை. ஒவ்வொரு முறையும் திருடன் கையில் சிக்கிய நொடியில் காவல் அதைக் கொன்று மயிலைக் காப்பாற்றியிருக்கிறது. பதினேழு முறை. நான் என்ன செய்தேன்? சும்மா செத்துத் தொலைகிறதே என்று காவலைக் கழற்றினேன். வடை தின்றேன்.

ஐந்தையும் திரும்பப் போட்டேன். பெரிய எழுத்தில், -PEMRS. இனி யாருக்கு?

ஆகஸ்ட் 26

அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. இன்றும் சொல்லவில்லை.

இந்த வேலை அத்தா போட்ட நிபந்தனையில் நடக்கிறது. ஒரு பேச்சு வந்தாலும் நின்றுவிட வேண்டும், மாப்பிள்ளை பார்த்துவிடுவோம் என்று சொல்லித்தான் அனுப்பினார். வேலை போனால் வீடு, வீட்டிலிருந்து இன்னொரு வீடு. அந்தக் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரை முன்னால் உட்காரும்போது மட்டும்தான் நான் நானாக இருக்கிறேன். இது ஒரு காரணமா? ஒரு மனுஷன் பெயர் களவாணி என்று ஊரெல்லாம் அடிபடுது, எனக்கு என் திரை பெருசாப் போச்சு.

செப்டம்பர் 9

கதிரவன் அண்ணனை எந்த அச்சகமும் சேர்க்கவில்லையாம். லட்சுமிகாந்தம் சார் டீ குடித்துக்கொண்டே சொன்னார். நல்ல கை, இப்படிப் பண்ணிட்டானே என்று அவரே வருத்தப்பட்டார்.

செப்டம்பர் 30

ஆறாவது நோன்பு. வாயும் காய்ந்து வயிறும் காய்ந்து இருக்கும்போது பொய்யைச் சுமக்க முடியவில்லை. அண்ணாச்சி அறைக்குப் போய் எல்லாம் சொன்னேன். பதிவேட்டை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை வாங்கவே இல்லை.

"ஆளு களவாண்டான்னா ஒரு ஆளு போச்சு. பெட்டி தெறந்து கெடந்துச்சுன்னா கம்பெனியே போச்சு. அம்புட்டுப் பேரு லேபிளும் அதுக்குள்ளதான கெடக்கு? நீ போய் வேலையப் பாரு தாயி."

வேலை எங்கும் போகாது, பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை எழுதக் கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.

அக்டோபர் 8 – ஞாயிறு

அம்மாவிடம் ஆபீஸ் வேலை என்று பொய் சொல்லிவிட்டு விஸ்வநத்தம் போனேன். கதிரவன் அண்ணன் தரையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார், விரலெல்லாம் பசை. எழில் காப்பி கொண்டுவந்தாள். நோன்பு என்று நினைவு வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே திரும்பிவிட்டாள்.

சொன்னேன். அவர் ஒட்டுவதை நிறுத்தவில்லை. ஒரு அடுக்கு முடித்துத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்:

"இத எளுதித் தருவீகளா?"

வேறு ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 15

எழுதினேன். ஒரு பக்கம். இன்ன தேதியில் இன்ன காவலைக் கழற்றியது நான், கதிரவனுக்கு இதில் பங்கில்லை, இப்படிக்கு நாஜியா. நேரில் கொடுத்தேன். இரண்டு முறை படித்து, மடித்து, ரேஷன் கார்டுக்குள் வைத்தார்.

அக்டோபர் 21

தீபாவளி. என் அண்ணன் பிள்ளைகள் எங்கள் வாசலில் மத்தாப்பு கொளுத்துகிறார்கள். பெட்டியை வாங்கிப் பார்த்தேன். அந்த மயில்தான். திருடியவர்கள் கழுத்து நீலத்தைக் கெடுத்திருக்கிறார்கள். கதிரவன் அண்ணன் பார்த்தால் அதற்குத்தான் முதலில் கோபப்படுவார்.

கடிதம் வெளியே வந்திருக்கும், இன்றைக்கு நாளைக்கு என்னைக் கூப்பிடுவார்கள் என்று ஒவ்வொரு போனையும் நானே ஓடிப்போய் எடுக்கிறேன். யாரும் கூப்பிடவில்லை.

அக்டோபர் 25

பெருநாள். புதுத்துணி. இன்றும் யாரும் கூப்பிடவில்லை.

நவம்பர் 12

சிவகாசி பஸ் ஸ்டாண்டில் எழிலைப் பார்த்தேன். உள்ளங்கை அலுமினியப் பொடியில் வெள்ளியாக இருந்தது. அவரும் இப்போது அவளோடு பட்டாசு வேலைக்குத்தான் வருகிறாராம். கடிதத்தை எந்த அச்சகத்தில் காட்டினார் என்று கேட்டேன்.

"எங்கயும் காட்டலம்மா. ‘எம்பேரு போனது போச்சு, அந்தப் பிள்ள பொளப்பும் போகணுமா’ங்காக. அவுகளுக்கு நீங்க எளுதிக் குடுத்ததே போதுமாம்."

பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் போயிற்று.

அந்த மனுஷன் அதை மடிச்சு வச்சுக்கிட்டு பட்டாசு மருந்து ரூமுக்குப் போறாரு. எனக்காக. எனக்காகவா? நான் யாரு அவருக்கு?

நவம்பர் 16

அதே கடிதத்தை ஒன்பது முறை கையால் எழுதினேன். அவர் வேலை கேட்டுப் போன ஒன்பது அச்சகங்கள். முகவரி எல்லாம் எனக்கே தெரியும். மதிய இடைவேளையில் போய்த் தபாலில் போட்டேன். உறை உள்ளே விழும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

நவம்பர் 20 – திங்கள்

கூப்பிட்டார்கள். அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. லட்சுமிகாந்தம் சார் சாவியை வாங்கிக்கொண்டார். கிளம்பும் முன் அவருக்கு ஒரு தாளில் எழுதி வைத்தேன்: படம் வாங்கும் புரோகிராம் செத்தால் கோபப்பட வேண்டாம். யார் வந்தார்கள் என்று முதலில் பார்க்கவும்.

அத்தா ஏன் சீக்கிரம் வந்தாய் என்று கேட்டார். சொன்னேன், எல்லாம். சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

டிசம்பர் 4

ஏழரை பஸ் தெருமுனையில் திரும்பும் சத்தம் இன்றும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்கச் சாத்தூரிலிருந்து வருகிறார்கள். கம்ப்யூட்டர் பற்றிப் பேச்செடுக்காதே என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அழுதேன். யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் எழில் போன் செய்தாள், பக்கத்துக் கடையிலிருந்து. காசு ஓடிவிடும் என்று அவசர அவசரமாகப் பேசினாள். "இன்னிக்கு அவுக வேலைக்கு வரல. காலைலயே சட்டையத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு, கலர் அட்டைய எடுத்துக்கிட்டுப் போனாக. எங்கன்னு கேட்டா சொல்லல."

கட்டாகிவிட்டது. அம்மா யார் என்று கேட்டாள். தெரிந்தவர்கள் என்றேன்.