பதினான்காம் பக்கத்தில் இருந்த அளவு

வெள்ளிக்கிழமை, காலை

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன், இல்லையென்றால் அம்மாவிடம் தனியாகச் சொல். இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக நான் போனில் வரவில்லை, "அப்பா என்ன மூஞ்சிய தூக்கி வச்சிருக்காரா" என்று அம்மாவிடம் கேட்டாயாம். மூஞ்சி எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. உன்னோடு பேசக் கூடாது என்று எனக்கு எழுத்தில் உத்தரவு, அம்மாவும் வேலை விஷயம் எதுவும் உன்னிடம் பேசக் கூடாது என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன், அதனால்தான் அவள் மழையைப் பற்றியே பத்து நிமிடம் பேசியிருப்பாள். எங்கள் கொள்முதல் அலுவலர், நான் வீட்டில் படிவம் அக்கா என்று சொல்வேனே அவரேதான், அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது, இன்று தெரிந்துவிடும், ஏனென்றால் இந்தக் கடிதத்தின் நகல் அவருடைய கோப்பில்தான் போகிறது. டெண்டர் போட்டவர்களிடம் வேலை பார்க்கும் ஒருவருக்கு நான் ஒரே ஒரு கடிதம் எழுதலாம், தேர்வுக் குழுத் தலைவி படித்த பிறகுதான் உறையை ஒட்டலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது. பெண்ணுக்கு எழுதவுமா இதெல்லாம் என்று கேட்டேன். "பொண்ணா இருந்தா என்ன தம்பி, டெண்டர் போட்டவங்க டெண்டர் போட்டவங்கதான், ஓரம் விட்டு எழுதுங்க, நான் துளை போடணும்" என்றார். ஓரம் விட்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மியூசியத்தின் மூன்று கட்டடங்களையும் பழுதுபார்த்துப் புதுப்பிக்கப் போவது உனக்குத் தெரியும். கட்டுகிறவர்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் எதை எப்படி எந்த வரிசையில் சரிசெய்வது என்று சொல்லும் ஆலோசகர்களை அமர்த்த வேண்டும், டெண்டர் அதற்குத்தான். என்ன வேலை என்று போட்டியாளர்களுக்குச் சொல்லும் பணி விவரம் நாற்பத்தாறு பக்கம், அதை ஒன்பது நாளில் எழுதியவன் நான், மதிப்பெண் போடும் ஐந்து பேரில் ஒருவனும் நான். முன்மொழிவுகள் நான்கு வந்தன. பிரிப்பதற்கு முன் போட்டியாளர்களில் உறவினர் யாரும் இல்லை என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டோம், உறைகளின் மேல் நான்கு பெயர்கள், ஒன்றும் உன் நிறுவனத்தின் பெயர் இல்லை, நானும் போட்டேன். மூன்று நிறுவனங்கள் கூட்டாகப் போட்ட டெண்டர் ஒன்று அதில் இருந்தது, அதில் மூன்றாவது, அளவெடுக்கும் வேலைக்கு மட்டும், உங்களுடையது என்பது கடைசி இணைப்பில்தான் இருக்கிறது. இணைப்பை நான் முதலில் படிப்பதில்லை, இனிமேல் படிப்பேன். போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை ஐந்து பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தனித்தனியாக மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தோம், பேசக் கூடாது, ஆனால் எதிரில் இருந்த காப்பாட்சியர் பேசாமல் இருக்கும் பிறவி இல்லை. "இவங்க மட்டும்தாங்க கட்டடத்த சொந்த வீடு மாதிரி பாத்திருக்காங்க, பதினாலாம் பக்கம் பாருங்க" என்று அந்தக் கூட்டு முன்மொழிவைத் தட்டினார். பார்த்தேன். மூன்றாம் கூடத்தின் கிழக்குச் சுவருக்குள் வரைபடங்களில் இல்லாத மழைநீர்க் குழாய் ஒன்று இறங்குகிறது, தரையிலிருந்து இரண்டேகால் மீட்டர் உயரத்தில் வளைகிறது, கசிவு அந்த வளைவில்தான், ஆகவே கூரையை உடைக்க வேண்டியதில்லை என்று எழுதியிருந்தது. தலைவியும் "பலே" என்றார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அந்தக் குழாய் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். டெண்டர் விளம்பரம் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் மொட்டைமாடியில் ஊதாச் சாயத்தைக் கரைத்து ஊற்றி, அது மூன்றாம் கூடத்தின் சுவரில் காட்சிப் பெட்டிக்குப் பின்னால் வந்து கசிவதைக் கண்டுபிடித்து, ஏணியில் ஏறித் தட்டிப் பார்த்து அளந்தேன், அந்த ஞாயிறு உன்னிடம் போனில் பெருமையடித்தேன், ஞாபகம் இருக்கும். கட்டடத்துக்கு மூக்கு ஒழுகுது, மூக்கு எங்க இருக்குன்னு நாப்பது வருஷமா எவனுக்கும் தெரியல, உங்கப்பன் கண்டுபிடிச்சிட்டான் என்றேன். நீ சிரித்துவிட்டு எந்த உயரத்துலப்பா என்று கேட்டாய். இரண்டேகால் என்றேன். அந்த அளவு தவறு. அடுத்த வாரம் மறுபடி அளந்தபோதுதான் தெரிந்தது, அந்த ஞாயிறு நீ போனை எடுக்கவில்லை, பிறகு நானும் அதை விட்டுவிட்டேன். போட்டியாளர்கள் மியூசியத்தைச் சுற்றிப் பார்க்க வந்தபோது கருவி எதுவும் உள்ளே விடவில்லை, உங்கள் கூட்டிலிருந்து வந்த இரண்டு பேரும் மூன்றாம் கூடத்தில் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை என்று காவலரின் பதிவேடு சொல்கிறது. ஒருவேளை அவர்கள் தாங்களாகவே அளந்திருந்தால் சரியான அளவு வந்திருக்கும். என்னுடைய தவறு அப்படியே வந்திருக்கிறது, ஆகவே அது என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது. சரியான அளவை இங்கே எழுத மாட்டேன், நான்கு பேருக்கும் அது ஒரே நேரத்தில்தான் போக வேண்டும். தவறு என்று சொல்லலாம், எவ்வளவு தவறு என்று சொல்லக் கூடாது என்பது தலைவியின் தீர்ப்பு. எங்கே தவறினேன் என்பதையும் எழுதவில்லை, எழுதினால் நீயே கூட்டிக் கழித்துக் கண்டுபிடித்துவிடுவாய், அந்த அளவுக்கு நான்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

பத்து நிமிடம் வெளியே போய்க் கூடத்தில் பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், பிறகு உள்ளே வந்து தலைவியிடம் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. "உங்களுக்கு டெண்டர் போடற வயசுல பொண்ணா" என்று படிவத்தில் என் பிறந்த தேதியைத் திருப்பிப் பார்த்தார். நாற்பத்திரண்டு, பெண்ணுக்கு இருபத்தொன்று, கணக்கைப் பிறகு போடலாம், முதலில் பதினான்காம் பக்கத்தை எடுங்கள் என்றேன். நேற்று முடிவு வந்தது. நான் குழுவில் இல்லை. உங்கள் கூட்டை நீக்கவில்லை, அதை நீ முதலில் தெரிந்துகொள். குழாய் விவரமும் சரியான அளவும் நான்கு பேருக்கும் போகும், மூன்று வாரம் கூடுதல் நேரம், எல்லோரும் தொழில்நுட்பப் பகுதியைத் திரும்ப எழுதித் தர வேண்டும். உங்கள் கூட்டுக்கு மட்டும் தனியாக ஒரு கேள்வி போகும், இந்த விவரம் எங்கிருந்து கிடைத்தது, யார் எழுதினார், தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று. அந்தக் கடிதம் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு உன் நிறுவனத் தலைவரின் மின்னஞ்சலுக்கு வரும். உனக்கு ஆறு மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம், ஐந்துதான் ஆகியிருக்கிறது, இது எனக்குத் தெரியாமல் இல்லை.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்ததே தேவலை என்கிற மாதிரி மூன்றாம் நாள் பேசினாள். "குழுல மத்த நாலு பேரும் படிச்சாங்க, நாலு பேருக்கும் தெரியல, உங்களுக்கு மட்டும் ஏன் நாக்கு அரிச்சுது" என்றாள். பிறகு, "ஒரு குழாய்க்குப் பொண்ணு வேலைய தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க, பெரிய இஞ்சினியர்" என்றாள். அவள் சொல்வதில் பாதி சரி, யாருக்கும் தெரிந்திருக்காது. கொஞ்ச நாளைக்குத் தெரிந்திருக்காது. வேலை தொடங்கியதும் அந்தத் தவறான உயரத்தில் பழைய சுண்ணாம்புப் பூச்சை வெட்டியிருப்பார்கள், உள்ளே ஒன்றும் இருந்திருக்காது, வெட்டியதை ஒட்டவும் முடியாது, அப்போது யார் சொன்ன அளவு என்று கேட்டிருப்பார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப பாத்துக்கலாமே" என்றாள். இன்னொன்றும் சொன்னேன், அதை உனக்கும் சொல்லிவிடுகிறேன். மற்ற மூன்று நிறுவனங்களிலும் உன் வயதில் யாரோ உட்கார்ந்து நாற்பத்தாறு பக்கத்தையும் படித்துவிட்டுக் கூரையிலா சுவரிலா என்று மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியிருப்பார்கள். அவர்களுக்கு மியூசியத்தில் அப்பா இல்லை.

இதில் என் பங்கு என்ன என்பதைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன், கோப்பிலும் இருக்கட்டும். குழாய் விவரம் பணி விவரத்தில் இருந்திருக்க வேண்டும், இல்லை, ஏனென்றால் அது என் குறிப்பேட்டில் இருந்தது, நான் அவசரத்தில் அதைத் திறக்கவில்லை. எழுதியிருந்தால் நீ என்னிடம் கேட்டதும் நான் உளறியதும் வெறும் வீட்டுப் பேச்சாகப் போயிருக்கும். ஆகவே பெரிய தவறு என்னுடையது. ஆனால் முழுத் தவறும் என்னுடையது என்று எழுத மாட்டேன், அது பொய். எந்த மியூசியத்துக்கு எழுதுகிறோம் என்று உனக்குத் தெரியாமல் இருக்க முடியாது. இங்கே என் அப்பா வேலை பார்க்கிறார் என்று முதல் நாளே உன் தலைவரிடம் சொல்லியிருக்க வேண்டும், சொன்னாயா என்று எனக்குத் தெரியாது.

இந்தக் கடிதம் திங்கட்கிழமை மாலைக்குள் உன் கையில் இருக்கும் என்று கூரியர்காரர் சொல்கிறார், அவர் சொல்வதை நம்பித்தான் கூடுதலாகக் கொடுத்து அனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமை சீக்கிரம் போ. உன் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து கணினியைத் திறப்பதற்கு முன்னால் அவர் அறைக்குப் போய்விடு, கதவை மூடு. முன்னுரை வேண்டாம், மன்னிப்பிலும் ஆரம்பிக்காதே, அழுதுகொண்டு சொன்னால் அவர் தண்ணீர் கொடுப்பதிலேயே நேரம் போகும். பதினான்காம் பக்கத்தில் இருக்கும் அளவு என் அப்பா போனில் சொன்னது, அது தவறும்கூட, பதினொரு மணிக்கு உங்களுக்கு ஒரு கடிதம் வரும் என்று முதல் வாக்கியத்திலேயே சொல். அவர் கத்தினால் கத்தட்டும், பாதியில் குறுக்கே பேசாதே, இந்தப் பழக்கம் உனக்கு என்னிடமிருந்து வந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கூட வேலை பார்க்கிறவர்கள் யார் பெயரையும் இழுக்காதே. வேலை போனால் போகட்டும். இங்கே உன் அறையில் என் பழைய வரைபடச் சுருள்கள் கிடக்கின்றன, ஒரு மணி நேரத்தில் காலி செய்துவிடுவேன், அதற்காக நீ வர வேண்டும் என்று அர்த்தமில்லை. வேலை போகாவிட்டால் அந்த முன்மொழிவை நீயே திரும்ப எழுத அனுமதி கேட்காதே, வேறு யாராவது எழுதட்டும்.

மற்றபடி வீட்டில் தண்ணீர் மோட்டாரை மாற்றியாயிற்று, பழையதைச் சரிசெய்கிறேன் என்று நான் ஒரு வாரம் பிரித்துப் போட்டிருந்ததை அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள், பாதிதான் உண்மை. உன் அத்தை புது வீட்டுக்குப் போய்விட்டாள், குளியலறையில் தண்ணீர் வடியவில்லை என்று என்னைக் கூப்பிட்டாள், போய்ப் பார்த்தேன், தரையே எதிர்ப்பக்கம் சரிகிறது, சொன்னால் "வந்த உடனே குத்தம் சொல்லு" என்கிறாள். உனக்கு அந்த இருமல் விட்டதா என்று அம்மா கேட்கச் சொல்கிறாள், பக்க எண் போட்டு இதுவும் கோப்புக்குள் போகும் என்றேன், "போகட்டும், அவங்க வீட்லயும் யாராவது இருமுவாங்க" என்றாள். இதற்கு நீ எனக்கு எழுதும் பதிலும் கோப்பில் சேரும் என்பதால் தேர்வு முடியும்வரை எழுத வேண்டாம், போனும் வேண்டாம். அம்மாவிடம் இருமலைப் பற்றி மட்டும் சொல்.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. நேற்று முடிவைச் சொன்ன பிறகு தலைவி மெதுவாகத்தான் கேட்டார், "உங்க பொண்ணு தெரிஞ்சே எழுதினாங்களா, இல்ல வீட்டுப் பேச்சுதானேன்னு யோசிக்காம எழுதிட்டாங்களா தம்பி" என்று. இருபத்தொரு வருடமாக உன்னைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்லியிருக்கிறேன். அன்று போனில் உயரத்தைக் கேட்டாயே, அது எதற்கு என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. தெரியாது என்றேன். படிவம் அக்கா அதை அப்படியே தட்டச்சு செய்து நீட்டினார், "தன் மகள் தெரிந்தே எழுதினாரா என்பது தந்தைக்குத் தெரியாது" என்று ஒரே வரி, கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளில் இன்னும் இடம் இருக்கிறது. எனக்குச் சொல்ல வேண்டாம். செவ்வாய்க்கிழமை உன் தலைவரிடம் எது உண்மையோ அதைச் சொல், அவர் பதிலில் எழுதுவார், அதை இங்கே என் வரிக்குக் கீழே சேர்ப்பார்கள், மற்றவர்கள் படிக்கும்போது நானும் படித்துத் தெரிந்துகொள்கிறேன். எந்தப் பதிலாக இருந்தாலும் நீ என் மகள்தான், இதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

நல்லபடியாக இரு, நிமிர்ந்து நட, வேளைக்குச் சாப்பிடு. செவ்வாய், பதினொரு மணிக்கு முன்னால்.

அன்புடன்,
அப்பா