கண்டியில் ஒருவர்

இன்று காலை ஒரு மின்னஞ்சல் வந்தது. நாம் இருவரும் எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று இலவசமாக வெளியிட்ட நூலக மென்பொருள் ஞாபகம் இருக்கிறதா? அதில் தமிழ்ப் பெயர்களை அகரவரிசைப்படுத்தும் பகுதியை, வெளிநாட்டில் சிலர் தங்கள் திறந்த மூலத் திட்டத்தில் சேர்க்க விரும்புகிறார்கள். ஆனால் எழுதியவரின் உண்மைப் பெயர் வேண்டுமாம். இல்லாவிட்டால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு வேறு எழுதிக்கொள்வார்களாம்.

அந்தப் பகுதி முழுக்க உங்களுடையது. கோப்பின் தலைப்பில், பெயர் வரவேண்டிய இடத்தில், 'கண்டியில் ஒருவர்' என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். காலையிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

கண்டி டவுனில் நாம் படிப்பித்த கணினி வகுப்பில், பிள்ளைகள் போனபின்தான் நம் வேலை தொடங்கும். ஒரு நாள் யாரோ ஒரு வெள்ளைக்காரர் எழுதிய நிரலை நம் திட்டத்தில் சேர்த்தேன். அதன் தலையில் அவர் பெயரும் நிபந்தனைகளும் நீளமாக இருந்தன. இடத்தை அடைக்கிறதே என்று அழிக்கப் போனேன். பதறிவிட்டீர்கள்.

"அந்தாளின்ரை பேரை வெட்டாதேயும். சும்மா தந்த மனிசன் கேட்டது அது ஒண்டுதானே."

"முகம் தெரியாத ஆளுக்கு இவ்வளவு பரிவா? அப்ப உங்க பேரு எங்க?" என்று சீண்டினேன்.

"என்ரை பேர் வேண்டாம். பேரைக் கண்டா எந்த ஊர் எண்டு கேப்பினம்."

பெரிய பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். பிறகு கண்டிக்குப் பக்கத்தில் கலகெதரவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அந்த மென்பொருளைப் போட்டுக்கொடுக்கப் போனோம். வழியில் ராணுவத்தினர் பஸ்ஸை மறித்தார்கள். அடையாள அட்டையில் வடக்கில் நீங்கள் பிறந்த ஊரின் பெயரைப் படித்துவிட்டு உங்களை மட்டும் இறக்கினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் விட்டார்கள். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து அகரவரிசை வேலையைத் தொடர்ந்தீர்கள். எனக்கு உங்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

சமாதானம் வந்துவிட்டது என்று எல்லாரும் நம்பிய காலத்தில், அம்மாவோடு இருக்கப் போகிறேன் என்று ஊருக்குப் போனீர்கள். "போட்டு வாறன்" என்று, திரும்பி வருவதாகத்தான் சொன்னீர்கள். சண்டை திரும்பியது. ஷெல் விழுந்து நீங்கள் இறந்த செய்தியை உங்கள் தங்கைதான் சொன்னாள்.

இன்று மத்தியானம் அவளுக்குத் தொலைபேசி எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"பேரைப் போடுங்கோ அக்கா. இனி ஆர் அண்ணாவைப் பிடிக்கப் போகினம்? அவர் இருந்தவர் எண்டதுக்கு ஒண்டாவது இருக்கட்டும்."

அவள் சொல்வதும் நியாயம். நீங்கள் சொன்னதும் நியாயம். நீங்கள் பயத்தில் வேண்டாம் என்றீர்களா, உண்மையிலேயே விருப்பம் இல்லையா? அதை நான் ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது கேட்க ஆளில்லையே என்று ஆத்திரமாக வருகிறது.

எவருடைய நிரலை எடுத்தாலும் அவர் பெயர் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்வது உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். மற்ற எல்லாருக்கும் செய்வதை உங்களுக்குச் செய்யாமல் இருக்க முடியவில்லை. பின்னேரம் உங்கள் முழுப் பெயரையும் எழுதி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. நன்றி, சேர்த்துவிட்டோம், இனி யாரும் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள். யாரும் பார்க்கலாம் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்களைக் காப்பாற்றினேனா, காட்டிக்கொடுத்தேனா, தெரியவில்லை.