ஷ்பக்: விட்டது யார்?

பிப்ரவரி 3, சனி

திராட்சைக் கொடி கழிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் கார். மல்கே வந்திருக்கிறான், என் புருஷன். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம், ஜெர்மனியிலிருந்து. "நல்லாயிருக்கியா ரிஹானே?" என்று கேட்கிறான், நேற்று மித்யாத் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தவன் மாதிரி. அத்தை அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷம் அவளுக்குச் சமைத்துப் போட்டவள் நான். எனக்காக ஒரு சொட்டு விட்டிருப்பாளா?

பிப்ரவரி 5, திங்கள்

விஷயம் வெளியே வந்துவிட்டது. அங்கே ஒருத்தி இருக்கிறாள். அவளைக் கோயிலில் வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டுமாம். அதற்கு எங்கள் கல்யாணத்தை ஆயர் முறிக்க வேண்டும். நான் அவர் முன்னால் போய் நின்று, "இவர் கூப்பிட்டும் நான் போகவில்லை, நான்தான் இவரை விட்டேன்" என்று சொல்ல வேண்டுமாம்.

"வாய் வார்த்தைதானே? உனக்கென்ன நஷ்டம்?"

என்ன நஷ்டமா? எங்கள் ஊர் வழக்கத்தில் விட்டுப் போனவருக்கு வீடும் இல்லை, தோட்டத்தில் ஒரு கொடியும் இல்லை. அது அவனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்கிறான். வீட்டை விற்றுவிட்டு அத்தையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். நான் நடுத்தெருவில் நிற்கணும்.

பிப்ரவரி 7, புதன்

அவனோடு பேசவில்லை. அவன் சட்டையையும் துவைக்கவில்லை.

பிப்ரவரி 10, சனி

கோயில் பள்ளியில் நோன்புக்கு முந்தைய வகுப்பு. வருஷா வருஷம் அன்றைக்கு எங்கள் கோயில் பாஷையிலிருந்து ஒரு பழைய சொல்லை எடுத்து வேர் வரைக்கும் சொல்லிக்கொடுப்பேன். இந்த முறை 'ஷ்பக்'. நான் எடுத்தேனா, என் வயிற்றெரிச்சல் எடுத்ததா?

விடு. அதுதான் முதல் பொருள் என்று படித்திருக்கிறேன். கையில் பிடித்திருப்பதை விடுவது. மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தது. மீனவர்கள் வலையை விட்டுவிட்டு ஆண்டவர் பின்னால் போனார்களே, அங்கே இந்தச் சொல். தானியேல் புத்தகத்தில் மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையை மண்ணில் விட்டுவைக்கச் சொல்கிற இடத்திலும் இதுதான். சிலுவையில் 'லாமா சபக்தானி', ஏன் என்னைக் கைவிட்டீர்? அதுவும் இதுதான். புருஷன் தள்ளிவைத்தவளுக்குப் பெயர் 'ஷ்பிக்தோ'. அப்புறம், 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்று தினமும் ஜெபிக்கிறோமே, அந்த மன்னிப்பும் ஷ்பக்தான்.

"டீச்சர், விட்டுட்டுப் போறதும் மன்னிக்கிறதும் எப்படி ஒண்ணாகும்?" என்று ஷாரோ கேட்டாள்.

"ஆகாது. உட்காரு" என்றேன். பாடத்தை யாராவது இப்படி முடிப்பார்களா? முடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

அத்தை இன்றைக்கு ஆரம்பித்துவிட்டாள். "என் பிள்ளை வாழ்க்கையைக் கெடுக்கறியேடி!"

"அவர் கெடுத்தது யார் வாழ்க்கை அத்தை?"

"ஆம்பளை நாலு இடம் போவான் வருவான்."

"அப்போ நீங்களும் கூடவே போங்க. அந்த மகாராணி வடிச்சுப் போடுவா, உட்கார்ந்து தின்னுங்க."

தட்டைத் தள்ளிவிட்டாள். கோதுமைச் சோறு தரையெல்லாம். பெருக்கியது யார்? நான்தான். சே, என்ன பிழைப்பு இது!

பிப்ரவரி 17, சனி

பாதிரியார் இஸ்ஸோ வந்தார். காபி குடித்தார். "திங்கட்கிழமை சுப்கோனோ. அன்னிக்கு யாரையும் மறுக்கக் கூடாதும்மா. உனக்கு நான் சொல்லணுமா?" என்றார்.

சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெயரும் ஷ்பக்கிலிருந்து வந்ததுதான். நோன்பின் முதல் திங்களில் கோயிலில் எல்லோரும் எல்லோர் முன்னாலும் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்போம். எதற்கென்று சொல்வதில்லை, எதற்கென்று கேட்பதும் இல்லை. 'கடவுள் மன்னிப்பார்' என்றால் முடிந்தது. பிறகு மறுமொழி சொன்னவரும் மண்டியிட வேண்டும்.

அவர் போன பிறகுதான் உறைத்தது. மல்கே ஊர் பார்க்க என் முன்னால் மண்டியிடுவான். விடுவதற்கும் மன்னிப்பதற்கும் ஒரே சொல்தானே, நான் வாயைத் திறந்து மன்னிப்பைச் சொல்லிவிட்டால், "அவளே என்னை விட்டுட்டா, ஊரே சாட்சி" என்று ஆயரிடம் போய் நிற்பான். பாதிரியாரையும் கைக்குள் போட்டுக்கொண்டான்.

படுபாவி! சாமி காரியத்துலயா சூழ்ச்சி பண்ணுவான்?

பிப்ரவரி 19, திங்கள்

இப்போதே எழுதிவிடுகிறேன்.

கோயிலுக்குக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தான். என் முன்னால் மண்டியிட்டான். "மன்னிச்சிரு ரிஹானே" என்றான், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி.

"எதுக்கு?" என்றேன்.

அங்கே யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. பாதிரியார் இருமினார்.

"எல்லாத்துக்கும்தான்."

"எல்லாம்னா என்ன? செஞ்சதைச் சொல்லு."

ஊர் முன்னால் அவனை 'நீ' என்று பேசியது அதுதான் முதல் தடவை.

"அசிங்கப்படுத்தாதே" என்று பல்லைக் கடித்தான். ஆனால் எழுந்திருக்க முடியாது. மறுமொழி வாங்காமல் எழுந்தால் ஊர் காறித் துப்பும். வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்ற கிழவர் பர்சவ்மோ பொறுமையிழந்து, "சொல்லித் தொலையேன்டா, எங்க முட்டியும் காத்துக்கிட்டு இருக்கு" என்றார். யாரோ சிரித்தார்கள்.

"விட்டுட்டுப் போனதுக்கு."

"யார் யாரை?"

"நான்... உன்னை விட்டுட்டுப் போனதுக்கு."

"சாமி, உங்களுக்குக் கேட்டுச்சா?"

பாதிரியார் தலையாட்டினார். வேறென்ன செய்வார்?

"கடவுள் மன்னிப்பார்" என்றேன். அவர் மன்னிக்கட்டும், அது அவர் பாடு. நான் மன்னிக்கவில்லை. என் முறைக்கு நான் மண்டியிடவும் இல்லை. பாவம்தான். இருக்கட்டும்.

பிப்ரவரி 20, செவ்வாய்

வீட்டில் ஒருவரும் என்னோடு பேசவில்லை. நிம்மதியாகக் கொடி கழித்தேன்.

மார்ச் 8, வியாழன்

ஆயர் சொல்லிவிட்டார். விட்டுப் போனது மல்கே. அவன் அவளைக் கட்டிக்கொள்ளலாம். வீடும் தோட்டமும் எனக்கு. வெளியே வரும்போது இரண்டு பெண்கள் "ஷ்பிக்தோ" என்று முணுமுணுத்தார்கள். "சத்தமாவே சொல்லுங்கடி" என்று திரும்பி முறைத்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஜெயித்தவள் ஏன் அழ வேண்டும்? தெரியவில்லை. நன்றாக அழுதேன்.

மார்ச் 12, திங்கள்

இன்று அவர்கள் கிளம்ப வேண்டிய நாள். அத்தையின் பை காரில் ஏறிவிட்டது. அத்தை ஏறவில்லை.

"அம்மா, ஃபிளைட்டுக்கு நேரமாகுது."

"நீ போ. என்னை விட்டுடு."

"இவகூடவா இருக்கப்போறே? கோயில்ல என் மானத்தை வாங்கினவகூடவா?"

"இருந்த மானத்தைத்தானே வாங்கினா? அங்க வந்து நான் யாரோட சண்டை போடுவேன்? எனக்கு அந்தப் பாஷைகூடத் தெரியாது. போடா."

அவன் பையைத் தூக்கித் தரையில் எறிந்துவிட்டு ஏறினான். கார் போய்விட்டது. அத்தை திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

பையை நான் எடுத்தேன். கனமே இல்லை. உள்ளே வைத்துத் திறந்தேன். ஒரு தலையணை, அவ்வளவுதான். அவள் துணியெல்லாம் அலமாரியில் மடித்தபடியே இருந்தது.

தலையணையை எடுத்து அவள் கட்டிலில் போட்டேன். சாயங்காலம் பருப்பில் உப்பு ஜாஸ்தி என்று கத்தினாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. நானும் பதிலுக்குக் கத்தினேன்.